பல்தட ஒலிப்பதிவு: பொத்தானை அழுத்துமுன் முடிவாகிவிடுபவை

ஒரு பாட்டில் பங்குகொள்ளும் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பதிந்துகொண்டு, எது எவ்வளவு ஒலிக்க வேண்டும், எது முன்னே நிற்க வேண்டும் என்பதைப் பிறகு ஆற அமர முடிவுசெய்ய இடம் தரும் முறையே பல்தட ஒலிப்பதிவு. ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வரும் ஒலி தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு தடத்தில், ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘டிராக்’ என்று வழங்குவதில், போய்ச் சேர்கிறது. எல்லாத் தடங்களும் ஒரே நேரக் கணக்கில் ஓடுவதால் சேர்த்துக் கேட்டால் முழுப் பாட்டும் கிடைக்கிறது, வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்தவும் முடிகிறது. இந்த வசதி பழகிப்போனதாலேயே ‘எதுவானாலும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற துணிச்சல் பதிவு செய்பவர்களிடம் குடியேறிவிட்டது. ஆனால் பின்னால் பார்த்துக்கொள்ளக் கூடியவை சிலவே. மைக் நின்ற இடம், உள்ளே வந்த ஒலியின் அளவு, ஒரு மைக்கில் இன்னொரு வாத்தியம் கசிந்த அளவு, கருவிகளின் நேரக் கணக்கு ஆகிய நான்கும் பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன, எந்த மென்பொருளாலும் அவற்றை முழுமையாக மீட்டுவிட முடிவதில்லை.

இம்முறையின் வரலாறே தள்ளிப்போடும் உரிமையைச் சிறிது சிறிதாக விலைகொடுத்து வாங்கிய வரலாறுதான். அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பால் 1948-இல் வெளியான ‘லவர்’ என்ற பதிவில் பல கிதார் பகுதிகளையும் தாம் ஒருவரே வாசித்தார். ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த தட்டில் பதிவது என்று அவர் கட்டிக்கொண்டு போன அடுக்கில், ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடியது, கடைசிப் படியில் கை தவறினால் எல்லாமே பாழாயின. 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு எட்டுத் தட நாடாப் பதிவுக் கருவி ஒன்றைச் செய்துகொடுத்தது. நாடாக் கருவியில் பதியும் முனையும் ஒலிக்கும் முனையும் சற்றுத் தள்ளித் தள்ளி இருப்பதால், முன்பு பதிந்ததைக் கேட்டபடி புதிதாக வாசிப்பவரின் இசை நாடாவில் எப்போதுமே பிந்தி விழும். பதியும் முனையையே தேவைப்படும் தடங்களுக்கு ஒலிக்கும் முனையாகவும் பயன்படுத்தி இந்தப் பிந்தலை ஒழித்தது, அந்நிறுவனத்தின் ராஸ் ஸ்னைடர் வகுத்த ‘செல்-சிங்க்’ முறை. இன்றைய கணினியிலும் இதே பிந்தல் வேறு உருவில் உட்கார்ந்திருப்பதைப் பின்னால் காணலாம்.

தடங்கள் குறைவாக இருந்த காலத்தில் கலைஞர்கள் முன்னதாகவே முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பு 1967-இல் வெளிவந்தபோது, அது நான்கு தட நாடாக்களிலேயே உருவாகியிருந்தது; நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவின் ஒன்றிரண்டு தடங்களுக்கு மாற்றிவிட்டு, மிஞ்சிய தடங்களில் மேலே தொடர்ந்தார்கள். கலந்ததை மறுபடி பிரிக்க அன்று வழியில்லை. கணினிக்கு வந்த ‘புரோ டூல்ஸ்’ மென்பொருளும் 1991-இல் நான்கு தடங்களோடுதான் தொடங்கியது. இன்று ரீப்பர், கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ் போன்றவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட தடங்களைச் சாதாரண மடிக்கணினியே தாங்குகிறது. தமிழ்த் திரையிசையில், பாடகரும் மொத்த வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இசைத்தாக வேண்டும் என்றிருந்த நிலையிலிருந்து, பகுதி பகுதியாகப் பதிந்து அடுக்கும் முறைக்கு நகர்ந்த மாற்றத்தை 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் பாடல்கள் பெரும்பான்மைக் கேட்பவர்களின் காதுக்கே கொண்டு வந்தன.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு திரையிசை அன்று. ஒரு சிறிய கர்நாடக இசைக் குழு. குரல், வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா என்ற ஐவகை ஒலிகளை எட்டு உள்ளீடுகள் கொண்ட ஒரு கருவியின் வழியாக ஒரே நேரத்தில் பதிவதுதான் பணி. இதை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மென்பொருள்களின் கையேடுகள் பெரும்பாலும் மேற்கத்திய பாப் இசையை, அதாவது தாளக்கட்டு மாறாத, ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போகும் இசையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவை சொல்லும் முன்னேற்பாடுகளில் பாதி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும் இசைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

முதலில் கணினிக்கு வெளியே நடப்பதைக் கவனிக்க வேண்டும். மைக்கில் பிறக்கும் மின்னோட்டம் மிக நலிந்தது; அதைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்பும் கருவிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். மடிக்கணினியிலேயே உள்ள மைக் துளையில் ஒரு மைக்கைத்தான் செருக முடியும் என்பதால் பல்தடப் பதிவுக்கு இக்கருவி இன்றியமையாதது. ஒரே நேரத்தில் எத்தனை தடம் பதிய முடியும் என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள் அன்று, இக்கருவியின் உள்ளீடுகளின் எண்ணிக்கையே. எட்டு உள்ளீடுகளை இக்குழுவுக்குப் பங்கிடும்போது குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, கடத்துக்கு ஒன்று, தம்பூராவுக்கு ஒன்று என ஆறு போக, மீதியுள்ள இரண்டில் கூடத்தின் மொத்த ஒலியையும் இடம் வலமாகப் பிடிக்கும் ஓர் இணை மைக்கை வைத்துவிடுவது நல்லது. தனித்தடங்கள் எல்லாம் ஏமாற்றினாலும் இந்த இணை காப்பாற்றும். பல பதிவுகளில் இறுதிக் கலவைக்கு அடித்தளமே இதுதான் ஆகிவிடுகிறது.

கண்டன்சர் வகை மைக்குகள் இயங்க 48 வோல்ட் மின்னழுத்தத்தை அதே கம்பியின் வழியே இன்டர்ஃபேஸ் தர வேண்டும்; இதற்கான பொத்தானை, மைக்கைச் செருகி, ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் அடக்கி வைத்த பிறகே அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பும் வெடிப்பொலி காதுக்கும் கருவிக்கும் கேடு. டைனமிக் வகை மைக்குகளுக்கு இந்த மின்சாரம் தேவையில்லை. மைக் கம்பி மூன்று முனைகள் உள்ள சமநிலைக் கம்பியாக இருப்பது கட்டாயம். அது ஒரே ஒலியை எதிரெதிர் உருவில் இரண்டு இழைகளில் அனுப்பி, வழியில் இரண்டிலும் ஒன்றுபோல ஏறிய மின் இரைச்சலைக் கடைசியில் கழித்துவிடுகிறது. இந்தியாவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால், மின்தொடுப்பு சரியில்லாத இடங்களில் 50, 100 ஹெர்ட்ஸ் முனகல் பதிவில் ஏறும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், அதன் மந்தரப் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் முனகல் இதற்குச் சற்றே மேலே நின்று, தம்பூராவோடு ஓயாமல் பிணங்கிக்கொண்டே இருக்கும். மேற்கத்திய ராக் பாட்டில் இம்முனகல் டிரம்ஸுக்கு அடியில் மறைந்துவிடலாம், சுருதியே அடித்தளமான இசையில் அதற்கு மறைவிடம் கிடையாது.

கருவியும் கணினியும் பேசிக்கொள்ள ஒரு ட்ரைவர், அதாவது இரண்டுக்கும் இடையே நின்று தரவைக் கைமாற்றும் சிறு மென்பொருள், வேண்டும். விண்டோஸில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய ஆசியோ என்ற வகை ட்ரைவரைப் பயன்படுத்துவதே வழக்கம். விண்டோஸின் பொதுவான ஒலி வழியில் எட்டு உள்ளீடுகளும் ஒழுங்காகத் தெரியாமல் முதலிரண்டு மட்டும் தெரிவது புதியவர்களைத் திணறடிக்கும் தொல்லைகளில் ஒன்று. மேக் கணினியில் பெரும்பாலும் இதற்கெனத் தனியே எதுவும் நிறுவத் தேவையின்றி, கோர் ஆடியோ என்ற உள்ளமைந்த வழியே போதும். ரீப்பரில் விருப்பத் தேர்வுகளுக்குள் ஆடியோ, அதற்குள் டிவைஸ் என்று போய், ஆசியோவைத் தேர்ந்து, கருவியின் பெயரைச் சுட்டி, முதல் உள்ளீடு ஒன்று, கடைசி உள்ளீடு எட்டு என்று குறித்துவிட்டால் எட்டு வாசல்களும் திறந்துவிடும்.

எட்டு போதாது என்று இரண்டு கருவிகளை யுஎஸ்பியில் செருகி ஒன்றாக்கிவிட முயல்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கருவிக்குள்ளும் நொடியைக் கூறுபோட்டு எண்ணும் படிகக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. இரண்டு படிகங்கள் ஒருபோதும் அச்சாக ஒன்றுபோல ஓடுவதில்லை. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடே இருந்தாலும், ஒரு மணி நேரக் கச்சேரியின் முடிவில் அது 72 மில்லிவிநாடியாக வளர்ந்து, மிருதங்கம் வயலினைவிட்டுக் காதுக்குத் தெரியும் அளவு விலகிவிடும். எனவே கூடுதல் உள்ளீடு வேண்டுமானால், முதற் கருவியின் ஒளியிழைத் துளையில் இணையும் எட்டு வழிப் பெருக்கி ஒன்றை வாங்கி, இரண்டில் ஒன்றை மட்டும் தலைமைக் கடிகாரமாக வைத்து, மற்றதை அதைப் பின்பற்றச் செய்வதே முறை.

கடிகாரத்தோடு சேர்ந்த இன்னொரு முடிவு மாதிரி வீதம். ஒலி அலையைக் கருவி நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாகக் குறிக்கிறது என்பதே இது. மனிதக் காது கேட்கும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸைப் பிடிக்க அதன் இருமடங்குக்கும் மேல் அளந்தாக வேண்டும் என்ற கணக்கில்தான் சிடிக்கு 44,100 என்றும் காணொளிக்கு 48,000 என்றும் வீதங்கள் நிலைபெற்றன. இன்றைக்கு எந்தக் கச்சேரியும் எப்படியும் காணொளியாக வெளிவரும் வாய்ப்பு இருப்பதால் 48,000 பொருத்தம்; 96,000 வைத்தால் கோப்பின் அளவு இரட்டிக்கிறதே தவிர, நல்ல மைக் வைப்பால் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. எந்த வீதமானாலும் கருவியிலும் மென்பொருளின் திட்டக் கோப்பிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 48,000-இல் பதிந்த ஒலியை 44,100 என்று எண்ணி ஓடவிட்டால் வேகம் எட்டு விழுக்காடு குறைவதோடு சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். பாடியவருக்கே தம் குரல் அடையாளம் தெரியாது.

ஒவ்வோர் அளவீட்டையும் எவ்வளவு நுணுக்கமான எண்ணாக எழுதுவது என்பது பிட் ஆழம். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ ஆறு டெசிபல் என்ற கணக்கில், மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே 16 பிட் 96 டெசிபல் இடைவெளியையும், 24 பிட் ஏட்டளவில் 144 டெசிபல் இடைவெளியையும் தருகின்றன. இதில் 24 பிட் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்துவிடலாம். அதன் உண்மையான பயன் ஒலி இனிமையாவது அன்று. தாழ்ந்த அளவில் பதிந்தாலும் அடியிரைச்சல் எழும்பாது என்பதால் மேலே தாராளமாக இடம் விட்டுவைக்க முடிவதே பயன்.

அந்த இடம் எதற்கு என்பதில்தான் பல பதிவுகள் கெடுகின்றன. எண்முறைப் பதிவில் சுழி டெசிபல் என்பது கூரை. அதைத் தாண்ட முயலும் அலையின் தலை தட்டையாகச் சீவப்பட்டு, ‘கிளிப்’ என்று சொல்லப்படும் கரகரப்பான உடைசலாக மாறிவிடும். பழைய நாடா, அளவு மீறினாலும் சற்று நெகிழ்ந்துகொடுக்கும்; கணினி கொடுக்காது. ஆகவே இன்டர்ஃபேஸின் முகப்பில் உள்ள கெயின் திருகை, சராசரி ஒலி கூரைக்கு 18 டெசிபல் கீழேயும், உச்சங்கள் 10 டெசிபல் கீழேயும் நிற்குமாறு வைக்க வேண்டும். திரையில் ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் தெரியும் ஃபேடர் என்ற நெம்புகோலை இறக்கிவிட்டு, அளவைக் குறைத்துவிட்டதாக நம்புவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. ஃபேடர், பதிந்தது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும், உள்ளே நுழைவதை மாற்றவே மாற்றாது. கெயினைச் சோதிக்கும்போது வித்துவான்கள் பெரும்பாலும் பாதிப் பலத்தில்தான் பாடியும் வாசித்தும் காட்டுவார்கள். தாரஸ்தாயியில் நிற்கும் ஒரு வரியைப் பாடகரிடமும், தனியாவர்த்தனத்தின் முடிவில் வரும் கோர்வையை மிருதங்கக்காரரிடமும் கேட்டு வாங்கி அளவு வைப்பவருக்கு, கச்சேரி சூடுபிடித்த பிறகு சிவப்பு விளக்கைப் பார்த்துப் பதற வேண்டியிராது.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் எதற்கு என்ற கேள்வி எழக்கூடும். சாதம் போட்ட வலந்தலையின் கூர்மையான மீட்டும், ரவை அப்பிய தொப்பியின் ஆழ்ந்த கும்கியும் இரண்டு வேறு உலகங்கள். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் ஒன்றைப் பிடிக்கும்போது மற்றது நழுவுகிறது. ஆனால் இரண்டு மைக் வைத்தவுடன் வேறொரு சிக்கல் பிறக்கிறது. வலந்தலையின் நாதம் தனக்குரிய மைக்கை உடனே அடைந்து, தொப்பி மைக்கைச் சற்றுப் பிந்தி அடைகிறது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லிவிநாடி ஆகும் என்பதால், பாதையில் ஒரு மீட்டர் வேறுபாடு இருந்தால் 170 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் இரண்டு தடங்களிலும் எதிரெதிராக நின்று, கலக்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தனித்தனியே கேட்டால் இரண்டு தடமும் நன்றாக இருக்கும், சேர்த்தால் மிருதங்கம் தகரம் தட்டுவது போலாகும். எல்லா மென்பொருளிலும் தடத்தின் அலையைத் தலைகீழாக்கும் பொத்தான் ஒன்று உண்டு. இரண்டு தடங்களையும் ஒரே ஸ்பீக்கரில் கேட்டபடி அதைப் போட்டும் எடுத்தும் பார்த்து, எந்த நிலையில் கும்கி நிறைவாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மசியாவிட்டால் மைக்கை ஓரிரு விரற்கடை நகர்த்துவதே மருந்து, அதைப் பதிவுக்கு முன்தான் செய்ய முடியும்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒலிக்கசிவு. குரல் மைக்கில் வயலினும், வயலின் மைக்கில் மிருதங்கமும் கேட்டுக்கொண்டே இருந்தால், தனித்தடம் என்பது பெயரளவுக்குத்தான். பாடகரின் ஒரு வரியை மட்டும் மறுபடி பதிந்து ஒட்டலாம் என்று எண்ணினால், பழைய வரி வயலின் மைக்கில் பேய்க்குரலாக நின்றுகொண்டிருக்கும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொருவரையும் கண்ணாடி வைத்த தனித்தனி அறையில் உட்கார்த்தி, ஹெட்போன் வழியே ஒருவரை ஒருவர் கேட்கச் செய்வது ஒன்று. ஒரே கூடத்தில் உட்கார்த்தி, கசிவை அடக்கி வைப்பது மற்றொன்று. மனோதர்ம இசையில், கற்பனைசுரத்தின் முத்தாய்ப்பை மிருதங்கக்காரர் பாடகரின் தலையசைப்பிலிருந்துதான் முன்கூட்டி உணர்கிறார். தனியறைப் பதிவில் திருத்தம் எளிது, திருத்த வேண்டிய அளவுக்கு இசையும் தளர்ந்துவிடுகிறது. இரண்டாம் வழியே இவ்விசைக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை.

கசிவை அடக்குவதற்கு மென்பொருளைவிட உட்காரும் முறையே உதவும். கார்டியாய்டு வகை மைக் தனக்கு நேர் பின்னே வருவதை மிகக் குறைவாகவும், எட்டு வடிவ மைக் தன் இரு பக்கங்களிலும் வருவதை மிகக் குறைவாகவும் கேட்கின்றன. ஆகவே குரல் மைக்கின் காது கேளாத திசையில் மிருதங்கம் இருக்குமாறு இருக்கைகளைச் சற்றுத் திருப்பினாலே பெரிய மாற்றம் தெரியும். ஒரு மைக் தன் வாத்தியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அதைப்போல் மூன்று மடங்கு தொலைவாவது அடுத்த மைக்குக்கு இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள விதி. வயலினுக்கு ஓரடி தள்ளி மைக் வைத்தால் அடுத்த மைக் மூன்றடிக்கு அப்பால். தம்பூரா, மின்னணுப் பெட்டியாக இருந்தால், அதன் ஒலியை ஸ்பீக்கரில் விடாமல் கம்பி வழியே நேராக ஆறாவது உள்ளீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு காது ஹெட்போனில் கலைஞர்களுக்குக் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் சுருதி மற்ற எல்லா மைக்கிலும் ஏறாமல், பின்னால் எங்கே வெட்டி ஒட்டினாலும் மீட்டு அறுபடாமல் ஒரே சீராக ஓடும். கூடத்தின் மின்விசிறியை நிறுத்துவது பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் மறந்துவிடுகிறார்கள்.

இனித் திரைக்கு வரலாம். மென்பொருளில் புதுத் திட்டம் ஒன்றைத் திறந்ததும் முதல் வேலை, அதற்கென ஒரு கோப்புறை வைத்துச் சேமித்துவிடுவது. சேமிக்காத திட்டத்தில் பதியும் ஒலிக் கோப்புகள் கணினியின் ஏதோ ஒரு மூலையில் போய் விழும். பிறகு எட்டுத் தடங்களை உருவாக்கி, பதிவதற்கு முன்பே பெயரிட வேண்டும். ரீப்பரும் புரோ டூல்ஸும் பதிவாகும் கோப்புக்குத் தடத்தின் பெயரையே சூட்டுவதால், ‘குரல்’, ‘வலந்தலை’, ‘தொப்பி’ என்று முன்னதாக எழுதிவைத்தவர் பிழைத்தார்; எழுதாதவர் ஆறு மாதம் கழித்து ‘டிராக் 3’ என்ற நாற்பது கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்து, ஒவ்வொரு தடத்துக்கும் அதற்குரிய உள்ளீட்டைச் சுட்டி, ‘ஆர்ம்’ என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அத்தடம் பதிவுக்குத் தயார் என்று பொருள். எல்லாத் தடத்துக்கும் முதல் உள்ளீடே தானாக விழுந்திருப்பதும், அதைக் கவனிக்காமல் எட்டுத் தடத்திலும் குரலையே பதிந்துவிடுவதும் நடக்கக் கூடியவை. ஒவ்வொரு மைக்கின் அருகிலும் ஒருவர் விரலால் சொடுக்கிக்கொண்டே போக, திரையில் எந்த மானி துள்ளுகிறது என்று இன்னொருவர் சரிபார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மெட்ரோனோம் என்ற தாளச் சொடுக்கையும், வெட்டும் இடங்களைத் தாளக் கட்டங்களில் தானாகக் கொண்டுபோய் ஒட்டும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். ஆலாபனைக்குத் தாளம் இல்லை; கிருதியிலும் காலப்பிரமாணம் உயிருள்ளதாதலால் இயந்திரத்தின் கட்டத்துக்குள் அது அடங்குவதில்லை. கட்டங்களுக்குப் பதிலாக, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்லவி, அனுபல்லவி, சரணம், நிரவல் தொடங்கும் இடங்களில் குறி போட்டுக்கொண்டே வரலாம். ரீப்பரில் ‘எம்’ விசையை ஒரு முறை தட்டினால் ஒரு குறி விழும். இரண்டு மணி நேரப் பதிவில் இக்குறிகள் மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமன்று.

நாடாக் காலத்துப் பிந்தல் இங்கே பஃபர் என்ற பெயரில் திரும்பி வருகிறது. கணினி ஒலியை ஒவ்வொரு மாதிரியாகக் கையாளாமல், சிறு சிறு கூடைகளாகச் சேர்த்து வாங்கிக் கையாள்கிறது. ஒரு கூடையின் கொள்ளளவே பஃபர். 48,000 வீதத்தில் 64 மாதிரிகள் கொண்ட பஃபர் நிரம்ப 1.3 மில்லிவிநாடியும், 256-க்கு 5.3-உம், 1024-க்கு 21.3-உம் ஆகின்றன, உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என இரட்டித்து, கருவியின் சொந்தத் தாமதமும் சேர்ந்துகொள்கிறது. மென்பொருளின் வழியே தம் குரலை ஹெட்போனில் கேட்டபடி பாடுபவருக்கு 1024 வைத்தால், நாற்பது மில்லிவிநாடிக்கும் மேல் பிந்தி எதிரொலி போலக் கேட்டு, தாளமே தடுமாறும். பஃபரை மிகவும் குறைத்தாலோ கணினிக்கு மூச்சு முட்டி, பதிவில் ‘டிக் டிக்’ என்ற வெட்டுகள் விழும்.

இந்த இழுபறியிலிருந்து தப்ப ஒரு நேர்வழி உண்டு. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில், உள்ளே வரும் ஒலி கணினிக்குப் போய்த் திரும்பும்வரை காத்திராமல், அதைக் கருவிக்குள்ளேயே பிரித்து ஹெட்போனுக்கும் அனுப்பும் நேரடிக் கேட்பு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் தாமதம் காதுக்குத் தெரிவதேயில்லை. அப்போது மென்பொருளில் உள்ள கேட்புப் பொத்தானை அணைத்துவிட வேண்டும், இரண்டும் சேர்ந்து இயங்கினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். எடுத்துக்காட்டாகக் கொண்ட குழுவைப்போல எல்லாரும் ஒரே கூடத்தில் நேரில் கேட்டு வாசிக்கும் பதிவில், கணினி யாருக்கும் எதையும் கேட்கத் தர வேண்டியதில்லை. தயங்காமல் பஃபரை 1024-க்கு உயர்த்திவிட்டு, வெட்டு விழும் அச்சமின்றிப் பதியலாம். ‘பதியும்போது பஃபர் குறைவாக இருக்க வேண்டும்’ என்று கையேடுகள் ஒரே வாயாகச் சொல்வது, ஒருவர் பின் ஒருவராக ஹெட்போனில் கேட்டு வாசிப்பவர்களுக்கான அறிவுரை.

அப்படி ஒருவர் பின் ஒருவராகச் சேர்க்க நேரும்போது, உதாரணமாக முன்பு பதிந்த கிருதிக்குப் பிறகு ஒரு கஞ்சிராவை மட்டும் சேர்க்கும்போது, ட்ரைவர் தன் தாமதம் இவ்வளவு என்று அறிவிக்க, மென்பொருள் அந்த அளவுக்குப் புதிய தடத்தை முன்னுக்கு நகர்த்தி வைத்துவிடுகிறது. ஆம்பெக்ஸின் செல்-சிங்க் செய்த வேலையை இன்று செய்வது இந்தக் கழித்தல் கணக்குதான். ஆனால் எல்லா ட்ரைவர்களும் உண்மை சொல்வதில்லை. ஐயமிருந்தால், கருவியின் வெளியீட்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்து அதன் உள்ளீட்டிலேயே செருகி, ஒரு சொடுக்கொலியை ஓடவிட்டு இன்னொரு தடத்தில் பதிந்து, இரண்டு அலைகளையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எத்தனை மாதிரிகள் விலகியிருக்கின்றன என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணை மென்பொருளின் திருத்த அளவாக எழுதிவைத்தால், அதே கருவிக்கும் அதே பஃபருக்கும் அதுவே நிலையான விடை.

வட்டில் இடம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்வதும் எளிது. 48,000 வீதத்தில் 24 பிட்டில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் பிடிக்கும். எட்டுத் தடங்கள் இரண்டு மணி நேரம் ஓடினால் 8.3 கிகாபைட். இன்றைய வட்டுகளுக்கு இது பெரிய சுமையன்று, எனினும் நிறைந்து வழியும் நிலையில் உள்ள வட்டில் பதியத் தொடங்குவது வினையை விலைக்கு வாங்குவது. மடிக்கணினியை மின்இணைப்பில் வைத்தபடியே, வைஃபையையும் தானியங்கிப் புதுப்பித்தல்களையும் நிறுத்திவிட்டு, எல்லா மைக்கும் ஆர்ம் ஆன நிலையில் ஐந்து நிமிடம் சோதனைப் பதிவு செய்து, அதை ஹெட்போனில் தடம் தடமாகக் கேட்டுப் பார்த்த பிறகே வித்துவான்களை அழைத்து உட்காரச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக அமைந்ததும் அந்தத் திட்டத்தையே வார்ப்புருவாகச் சேமித்துக்கொண்டால், அடுத்த பதிவின்போது தடங்களும் பெயர்களும் உள்ளீடுகளும் ஒரே சொடுக்கில் வந்து நிற்கும்.

பதிவு முடிந்து கலவை செய்பவர் வேறொருவராக இருந்தால், திட்டக் கோப்பை அனுப்புவதால் பயனில்லை, அவர் பயன்படுத்தும் மென்பொருள் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு தடத்தையும், இடையில் வெட்டுகள் இருந்தாலும் அவற்றையெல்லாம் சேர்த்து, ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரே முடிவுப் புள்ளி வரை ஓடும் முழு நீளக் கோப்பாக, எந்த எஃபெக்டும் ஏற்றாமல், பதிந்த அதே வீதத்திலும் பிட் ஆழத்திலும் ஏற்றுமதி செய்து அனுப்ப வேண்டும். கடம் கச்சேரியின் நாற்பதாவது நிமிடத்தில்தான் முதன்முதலாக ஒலித்தாலும் அதன் கோப்பும் சுழியிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் பெறுபவர் எட்டுக் கோப்புகளையும் தம் மென்பொருளில் இழுத்துப் போட்டவுடன் அவை தாமாகவே நேர்நிற்கும். கூடவே சுருதி எத்தனை கட்டை, எந்த உருப்படி எந்த நிமிடத்தில் தொடங்குகிறது, மிருதங்கத்தின் எந்தத் தடத்தின் அலை தலைகீழாக்கப்பட வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அந்தக் கோப்புறையிலேயே சேர்த்து வைப்பதும், அவருக்கு அனுப்புமுன் மொத்தக் கோப்புறையையும் வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொள்வதும் பதிவு செய்தவரின் கடைசி வேலைகள்.